பெட்டிக்குக் கை தெரியாது

உங்கள் வீட்டு அலமாரியின் உச்சியிலோ, கட்டிலுக்கு அடியிலோ, பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? கிடந்தால், அவசரப்பட்டுப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த பிறகு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். மின்சாரத்திலோ கணினியிலோ பட்டம் பெற்றவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாங்கிய சான்றிதழ் ஒன்றுதான் என்னிடமுள்ள படிப்பு. ஆனாலும், ஒரு பழைய பெட்டிக்கு அதற்கென்று செய்யப்படாத ஒரு கன்ட்ரோலரைப் பொருத்தப் போய், ஓர் ஆண்டிறுதி விடுமுறையில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. அதில் பாதி மின்சாரப் பாடம். மீதிப் பாதி மனிதப் பாடம்.

லயத்துக்கு வந்த பெட்டி

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்து வீடுகளுக்கு மாலை 6 மணிக்குத்தான் ஜெனரேட்டர் போடுவார்கள். இரவு 10 மணிக்கு அணைத்துவிடுவார்கள். அந்த நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுப் பாடமும் சாப்பாடும் தொலைக்காட்சியும் முடிந்தாக வேண்டும். 1990ஆம் ஆண்டு வாக்கில் என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய அப்பா, தோட்டத்து லாரி டிரைவர், பட்டணத்திலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்தார். அன்றிலிருந்து எங்கள் மாலை நேரமே மாறிப்போனது.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டில் 'பேமிலி கம்ப்யூட்டர்' என்னும் பெட்டியை வெளியிட்டது. அதையே பார்த்துச் செய்த பெட்டிகள், மைக்ரோ ஜீனியஸ் முதலான பெயர்களில், நம் நாட்டுக் கடைகளில் ஏராளமாக விற்றன. நண்பன் வீட்டுக்கு வந்ததும் அவ்வகைப் பெட்டிதான். நாங்கள் எல்லாருமே விரும்பி ஆடியது 'பேட்டல் சிட்டி' என்னும் டாங்கிச் சண்டை. 1985இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. அடியில் ஒரு கழுகுச் சின்னம் இருக்கும். இருவர் ஆளுக்கொரு டாங்கியோடு அதைக் காவல் காக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் 20 எதிரி டாங்கிகள் வரும். நம் குண்டு தவறி நம் தோழனின் டாங்கி மேல் பட்டால், அவன் சற்று நேரம் அசையாமல் நின்றுவிடுவான். அதற்காக எத்தனை சண்டை, எத்தனை சமாதானம்!

அந்த நண்பன் இன்று செம்பனை ஆலையில் வேலை செய்கிறான். அவனுடைய இளைய மகன் எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். பிறந்ததிலிருந்தே அவனுக்கு இடது கை வலுக் குறைவு. விரல்கள் மூடியபடியே இருக்கும். விரித்து ஒரு பொருளைப் பிடிக்க வராது. தோளும் முழங்கையும் ஓரளவு நன்றாகவே அசையும்.

"நீ பாரு, நாங்க ஆடுறோம்"

அந்த விடுமுறையில் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய பெட்டி அலமாரியிலிருந்து இறங்கி வந்திருந்தது. பையனுடைய பெரியப்பா பிள்ளைகள் இருவர் டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவன் சுவரோரம் உட்கார்ந்து, "அண்ணே, வலது பக்கம் வருது! சுடு!" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீ ஆடலையாடா?" என்று கேட்டேன்.

"ஆடிப் பார்த்தேன் சார். ஒரு கையில முடியல. அண்ணன்தான், நீ பாரு, நாங்க ஆடுறோம்னு சொன்னாங்க."

குரலில் குறையொன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பத்து வயதிலேயே வேடிக்கை பார்ப்பவனாக இருக்கப் பழகிவிட்டான்.

அந்தக் கன்ட்ரோலரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் கூட்டல் குறி போன்ற திசைப் பொத்தான். வலப்பக்கம் ஏ, பி என்ற இரண்டு பொத்தான்கள். இடது கட்டைவிரல் ஓட்ட வேண்டும். வலது கட்டைவிரல் சுட வேண்டும். பையன் அதைத் தரையில் வைத்து வலது கையால் மட்டும் ஆடிப் பார்த்திருக்கிறான். திசையை விட்டுவிட்டுப் பொத்தானுக்கு விரலைக் கொண்டு போவதற்குள் எதிரி சுட்டுவிடுகிறான். கன்ட்ரோலரும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

வாசலுக்கு வந்ததும் நண்பனிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். அவன், "வேணாம் வாத்தியாரே. ஆசைய கெளப்பிவிட்டுட்டு அப்புறம் முடியலைன்னா, நான்தான அவன் மூஞ்சியப் பார்க்கணும்?" என்றான். ஒரு தகப்பனின் அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

சொருகினால் போதுமா?

பட்டணத்தில் பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் ஒரு ஜாய்ஸ்டிக் கண்ணில் பட்டது. நடுவில் நிமிர்ந்த தண்டு. மூலையில் ஒரே ஒரு சுடும் பொத்தான். அட்டாரி நிறுவனம் 1977இல் வெளியிட்ட பெட்டிக்கும், அதன் பின் வந்த கமடோர் 64 முதலிய வீட்டுக் கணினிகளுக்கும் பயன்பட்ட வகை. தண்டை வலது கையால் பிடித்து ஓட்டலாம். பொத்தானை இடது கை முட்டியால் குத்தலாம். நம் பையனுக்கென்றே செய்தது போல் இருந்தது. வயரின் முனையைப் பார்த்தேன். ஒன்பது ஊசித் துளைகள் கொண்ட அதே சொருகி. நண்பன் வீட்டுப் பெட்டியிலும் ஒன்பது ஊசிகள்தாம். விலை பேசி வாங்கி வந்துவிட்டேன்.

சொருகிப் பார்த்தபோது அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பையனும் ஆவலோடு வந்து உட்கார்ந்தான். தண்டைச் சாய்த்தால் டாங்கி போக வேண்டிய பக்கம் போகவில்லை. சரி, சுடட்டும் என்று பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். திரை இருண்டது. பெட்டியின் சிவப்பு விளக்கும் அணைந்தது. இலேசாகச் சூடேறிய வாடை வந்தது. ஓடிப் போய் சுவிட்சை அணைத்தேன்.

"நான்தான் கெடுத்துட்டேனா சார்?" என்று பையன் கேட்டான்.

வாசகர்களே, அந்தக் கேள்வியை நான் மறக்கப் போவதில்லை. கெடுத்தது அவனல்லன், யோசியாமல் வாங்கி வந்து சொருகிய நான். அதை அவனிடம் அப்போதே சொன்னேன். நல்ல வேளையாகப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள்ளே மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிறுத்தும் சிறு பொருள் ஒன்று இருக்கிறது. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் அது தன்னைத் தானே தற்காத்துக்கொள்ளும். அதனால் பிழைத்தோம்.

என் பழைய மாணவன் ஒருவன் தைப்பிங்கில் தொலைக்காட்சி, கைப்பேசி பழுது பார்க்கிறான். பெட்டியையும் ஜாய்ஸ்டிக்கையும் அவனிடம் எடுத்துப் போனேன். மீட்டரை வைத்து ஒவ்வோர் ஊசியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சார், எங்களுக்கு நீங்க என்ன சொல்லிக் கொடுத்தீங்க? சட்டை ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணாயிடுமான்னு கேப்பீங்களே!"

விஷயம் இதுதான். இவ்வகை நகல் பெட்டிகள் பலவற்றில் 6ஆம் ஊசியில் 5 வோல்ட் மின்சாரம் இருக்கும். 8ஆம் ஊசி தரை இணைப்பு. அட்டாரி வகை ஜாய்ஸ்டிக்கிலோ சுடும் பொத்தான் செய்கிற வேலையே 6ஆம் ஊசியையும் 8ஆம் ஊசியையும் ஒன்றோடொன்று சேர்ப்பதுதான். ஆகவே பையன் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு முறையும் பெட்டியின் மின்சாரம் நேரே தரைக்குப் பாய்ந்தது. சொருகி ஒன்றுதான்; ஆனால் மொழி வேறு.

பெரட்டுக் களத்துப் பாடம்

அப்படியானால் இந்தப் பெட்டி என்ன மொழி பேசுகிறது? அவன் விளக்கியதை நான் தோட்டத்துப் பேச்சில் சொல்கிறேன்.

விடியற்காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மண்டோர் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். வந்தவர் பதில் சொல்வார். வராதவர் இடத்தில் மௌனம்.

நின்டெண்டோ கன்ட்ரோலருக்குள் ஒரு சின்னஞ்சிறு சில்லு இருக்கிறது. பெட்டி முதலில் ஒரு மின்துடிப்பு அனுப்பும். 'எல்லாரும் அப்படியே நில்லுங்கள்' என்பது அதன் பொருள். அந்த நொடியில் எந்தெந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்பதைச் சில்லு பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு பெட்டி துடிப்பு துடிப்பாகக் கேட்கும். ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் எட்டுப் பதில்கள் ஒரே கம்பி வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். நொடிக்கு 50 அல்லது 60 முறை திரையில் படம் மாறுகிறது அல்லவா? அந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பெரட்டு நடக்கிறது. இதற்கெல்லாம் வேண்டியது ஐந்தே கம்பிகள்: மின்சாரம், தரை, 'நில்' என்னும் கம்பி, 'அடுத்தவர்' என்னும் கம்பி, பதில் வரும் கம்பி.

அட்டாரி ஜாய்ஸ்டிக்கில் இந்த வரிசையே கிடையாது. ஒவ்வொரு திசைக்கும் ஒரு தனிக் கம்பி. அழுத்தினால் கம்பி தரையோடு சேரும், விட்டால் பிரியும். அவ்வளவுதான். அங்கே ஒவ்வோர் ஆளும் தனித்தனி வாசலில் நின்று குரல் கொடுக்கிறார். இங்கே ஒரே வாசல், வரிசைப்படி பதில். இரண்டும் எப்படி ஒத்துப் போகும்?

நால்வகைப் பொருத்தம்

கல்யாணத்துக்கு மட்டுமல்ல, கன்ட்ரோலருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். எனக்கு விளங்கிய வரையில் அது நான்கு வகை.

முதலாவது, சொருகியும் ஒன்று, மொழியும் ஒன்று. அட்டாரி ஜாய்ஸ்டிக் கமடோர் 64இல் வேலை செய்வது இப்படித்தான். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கன்ட்ரோலரை அட்டாரி 2600இல் சொருகினால்கூட ஓடும். அதன் பி பொத்தான் சுடும் பொத்தானாகிவிடும். ஆனால் அதே கன்ட்ரோலரை அப்படியே கமடோர் 64இல் சொருகுவது அக்கணினியின் உட்சில்லுக்கு ஆபத்து என்று அறிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். ஓரிடத்தில் பொருந்தியது என்பதற்காக எல்லா இடத்திலும் பொருந்திவிடாது.

இரண்டாவது, சொருகி வேறு, மொழி ஒன்று. நின்டெண்டோவின் அடுத்த பெட்டி 1990இல் ஜப்பானில் வெளியான சூப்பர் பேமிகாம். அதன் கன்ட்ரோலர் எட்டுக்குப் பதிலாகப் பதினாறு பதில்கள் சொல்லும். ஆனால் முதல் எட்டின் வரிசை பழைய வரிசையை ஒட்டியே இருக்கிறது. பழைய பெட்டி எட்டுப் பெயரோடு பட்டியலை மூடிவிடும். மீதிப் பேர் சொல்வதைக் கேட்காது. ஆகவே கம்பிக்குக் கம்பி சரியாக இணைத்த ஒரு சிறு வயர் இருந்தால், புதிய கன்ட்ரோலர் பழைய பெட்டியில் ஓடும். புதியதன் பி பழையதன் ஏ ஆகும். புதியதன் ஒய் பழையதன் பி ஆகும். நடுவில் வேறு எந்தக் கருவியும் தேவையில்லை.

மூன்றாவது, சொருகி ஒன்று, மொழி வேறு. நான் மாட்டிக்கொண்டது இதில்தான். நால்வகையிலும் மோசமானது இது. பொருந்தாத சொருகி நம்மைத் தடுத்துக் காப்பாற்றிவிடும். பொருந்துகிற சொருகியோ நம்மை ஏமாற்றும்.

நான்காவது, சொருகியும் வேறு, மொழியும் வேறு. இன்றைய கம்பியில்லாக் கன்ட்ரோலரைப் பழைய பெட்டியோடு சேர்ப்பது இவ்வகை. இதற்கு நடுவே ஒருவர் வேண்டும். அந்தக் காலத்தில் துரை பேசிய ஆங்கிலத்தைக் கிராணியார் தமிழில் எடுத்துச் சொல்வாரே, அதைப் போல. இப்போது அந்த வேலையைச் செய்யும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. சீனாவின் 8பிட்டூ என்னும் நிறுவனம் விற்கிறது. 'புளூரெட்ரோ' என்ற பெயரில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்ட மென்பொருளும் உண்டு. இஎஸ்பி32 என்னும் சிறு சில்லுப் பலகையில் அது இயங்கும். எந்தப் பொத்தான் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை அதில் நாமே மாற்றி அமைத்துக்கொள்ளலாம். கிராணியார் கேட்டுச் சொல்வதற்குச் சற்று நேரம் பிடிக்கும் அல்லவா? அதுபோல இதிலும் கண்ணிமைக்கும் நேரத் தாமதம் உண்டு. நல்ல கருவியில் அது உறைக்காது.

திசைப் பொத்தான் ஏன் இடப்பக்கம்?

கூட்டல் குறித் திசைப் பொத்தானை உருவாக்கியவர் நின்டெண்டோவில் பணியாற்றிய குன்பே யோகோய். 1982இல் வந்த, உள்ளங்கையில் அடங்கும் 'டாங்கி காங்' விளையாட்டில் அது இடப்பக்கம் அமைந்தது. பேமிகாமும் அதையே பின்பற்றியது. பிறகு வந்த பலரும் பின்பற்றினார்கள்.

ஆனால் அதற்கு முன்? அட்டாரி ஜாய்ஸ்டிக்கில் சுடும் பொத்தான் இடது மூலையில் இருக்கும். இடது கையால் அடிப்பெட்டியைப் பிடித்து, வலது கையால் தண்டை ஆட்ட வேண்டும். அதாவது, திசை வலது கைக்கு உரியதாக இருந்தது!

இதை அறிந்தபோது என் மனத்தில் ஒரு கதவு திறந்தது. 'இடது கட்டைவிரல் ஓட்ட வேண்டும்' என்பது வேத வாக்கல்ல. யாரோ ஒருவர், எப்போதோ, தம் கையைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. பெட்டியைப் பொறுத்தவரை வேண்டியது எட்டுப் பதில்கள். அந்தப் பதிலைச் சொன்னது கட்டைவிரலா, முட்டியா, முழங்கையா, பாதமா என்று அது கேட்பதே இல்லை. பெட்டிக்குக் கை தெரியாது.

இப்படி நினைத்தவன் நான் மட்டுமல்லன். 1989ஆம் ஆண்டிலேயே நின்டெண்டோ அமெரிக்காவில், கைகளைப் பயன்படுத்த இயலாதவர்களுக்காக ஒரு கன்ட்ரோலர் செய்தது. நெஞ்சில் மாட்டிக்கொண்டு, மோவாயால் தண்டை அசைத்து, குழாயில் ஊதியும் உறிஞ்சியும் பொத்தான்களை இயக்கலாம். 2018இல் மைக்ரோசாப்ட் நிறுவனம், பெரிய பொத்தான்களையும் காலால் மிதிக்கும் சுவிட்சுகளையும் வேண்டிய இடத்தில் வைத்துச் சொருகிக்கொள்ளக்கூடிய கன்ட்ரோலரை வெளியிட்டது. 2023இல் சோனி நிறுவனமும் பிளேஸ்டேஷன் 5க்கென்று அத்தகைய ஒன்றைக் கொண்டு வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கடைசி இரண்டும் புதிய பெட்டிகளுக்காகச் செய்தவை. அப்பா ஆடிய பழைய பெட்டியில், அப்பாவோடு சேர்ந்து ஆட ஆசைப்படுகிற பிள்ளைக்கு, வழியை நாம்தான் தேட வேண்டும்.

பலகை உருவான கதை

பழைய மாணவன் சொன்ன வழி மிகவும் எளிது. மொழிபெயர்ப்பே வேண்டாம். நல்ல நிலையிலுள்ள பழைய கன்ட்ரோலர் ஒன்றைத் திறப்பது. அதன் சில்லு அப்படியே இருக்கட்டும். பொத்தான்களை மட்டும் வெளியே கொண்டு வருவது.

கன்ட்ரோலரைத் திறந்தால், ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ரப்பர்க் குமிழ் ஒன்று தெரியும். அதன் அடியில் மின்சாரம் கடத்தும் கறுப்புப் பொட்டு. அழுத்தும்போது அந்தப் பொட்டு கீழேயுள்ள இரண்டு தடங்களைச் சேர்க்கிறது. ரப்பர் மரத்தை நம்பி வளர்ந்த நமக்கு, இங்கேயும் ரப்பர்தான் துணை! அந்த இரண்டு தடங்களிலும் வயர் பற்றவைத்து, வெளியே வேறொரு பொத்தானோடு இணைத்துவிட்டால், அந்தப் பொத்தானை அழுத்துவதும் இதை அழுத்துவதும் ஒன்றே. ஒரு தடம் எல்லாப் பொத்தான்களுக்கும் பொதுவான தரை. ஆகையால் எட்டுப் பொத்தான்களுக்கு ஒன்பது வயர் போதும். மேலே பூசியிருக்கும் பூச்சைச் சுரண்டிவிட்டுச் செம்புத் தடத்தில்தான் ஈயம் பற்றும் என்பதை இரண்டு முறை தோற்ற பிறகு கற்றோம்.

விளையாட்டு மையங்களில் உள்ளது போன்ற தண்டு ஒன்றும், உள்ளங்கை அகலப் பொத்தான் ஒன்றும், சிறு பொத்தான்கள் சிலவும் வாங்கினோம். எல்லாம் 100 வெள்ளிக்குள் அடங்கிவிட்டது. என் வீட்டில் கிடந்த பலகையில் துளையிட்டு, வலப்பக்கம் தண்டையும் இடப்பக்கம் பெரிய பொத்தானையும் பொருத்தினேன். அடியில் வழுக்காத விரிப்பை வெட்டி ஒட்டினேன். பார்க்க அழகாகவே இருந்தது. பெருமையோடு கொண்டு போனேன்.

பையன் தண்டை மேலே தள்ளினான். டாங்கி கீழே போனது! தண்டின் மேற்பகுதி மேலே சாயும்போது அதன் அடிப்பகுதி கீழே சாய்ந்து, கீழ்ப்பக்கச் சுவிட்சைத்தான் அழுத்துகிறது. நான் வயரை நேராகக் கொடுத்திருந்தேன். அதை மாற்றிப் பற்றவைத்தோம். அடுத்ததாகப் பையன் மெதுவாகச் சொன்னான்:

"சார், இந்தப் பொத்தான் ரொம்பத் தூரமா இருக்கு. என் கை இவ்வளவு நீளாது. கிட்ட வச்சா, மணிக்கட்டாலேயே அழுத்துவேன்."

நான் வெட்கிப்போனேன். பலகையை அளந்தேன், பொத்தானை அளந்தேன், அவன் கையை அளக்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எனக்கு எது வசதியோ அதை அவனுக்குச் செய்து வைத்திருந்தேன். யோகோய் தம் கையைப் பார்த்துச் செய்தார் என்று குறை கண்ட நான், செய்ததும் அதுவேதான்!

அன்று முழுவதும் பென்சிலை அவன் கையில் கொடுத்து, பலகையில் அவனையே குறிக்கச் சொன்னேன். பெரிய பொத்தான் உடலுக்கு அருகே, சற்றுச் சாய்வாக வந்தது. அதன் சுருள்வில் அழுத்தமாக இருந்ததால், இளகலான வில்லாக மாற்றினோம். ஸ்டார்ட் பொத்தானை அவன் வலது பக்கத்து மூலைக்கு மாற்றச் சொன்னான். எல்லாம் அவன் சொன்னபடி.

இருபது டாங்கிகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நண்பன் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்திருந்தான். பையன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, ரெண்டு பேரு ஆட்டம் போடவா?" என்றான். நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் பழைய கன்ட்ரோலரைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

முதல் ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. கழுகு போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. நண்பன் முகம் வாடுவதைக் கண்டேன். பையனோ, "இன்னொண்ணு" என்றான். ஐந்தாவதோ ஆறாவதோ ஆட்டத்தில், வலது கை தண்டை ஓட்ட, இடது மணிக்கட்டு தட்டுத் தட்டென்று பொத்தானில் விழ, இருபது டாங்கிகளும் ஒழிந்தன. அடுத்த கட்டம் தொடங்கியவுடன் பையன் விட்ட குண்டு ஒன்று அப்பாவின் டாங்கி மேலேயே பட்டு, அது அசையாமல் நின்றது.

"டேய்! அப்பாவையே சுடுறியாடா?" என்று நண்பன் கத்தினான்.

"நீங்க ஏன்பா குறுக்க வந்தீங்க?" என்றான் மகன்.

முப்பது வருடங்களுக்கு முன் இதே வீட்டில், இதே பெட்டிக்கு முன்னால், நானும் அவனும் போட்ட சண்டை அது. அடுப்படியிலிருந்து பாட்டி, "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்று கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். நண்பன் உள்ளேயிருந்தபடியே, "வாத்தியாரே, அடுத்த வாரம் வாங்க, உங்களையும் சுடச் சொல்றேன்" என்றான். அதற்கு மேல் அவனிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

பெரியப்பா பிள்ளைகள் மறுநாள் அந்தப் பலகையில் ஆடிப் பார்த்து, "இது ரொம்பக் கஷ்டம்டா" என்று விட்டுவிட்டார்களாம். பையன் என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

செய்யப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

நீங்களும் முயலலாம். ஆனால் இவற்றை மனத்தில் வையுங்கள்.

சொருகி பொருந்துகிறது என்பதற்காக எதையும் சொருகாதீர்கள். முதலில் மீட்டர் வைத்து, எந்த ஊசியில் மின்சாரம், எது தரை என்று பாருங்கள். மீட்டர் பிடிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதில் கௌரவக் குறைவு இல்லை.

மின்சாரம் வரும் அடாப்டரின் வோல்ட் அளவையும், அதன் முனையில் எது நேர், எது எதிர் என்பதையும் பெட்டியின் மேல் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். பழைய பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல.

கன்ட்ரோலரைத் திறக்கும் முன்பும், ஈயம் பற்றவைக்கும் முன்பும் வயரைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் ஒரே ஒரு நல்ல கன்ட்ரோலர் இருந்தால் அதைத் திறக்காதீர்கள். பழையது ஒன்றைத் தேடி வாங்கிச் செய்யுங்கள்.

பழைய பெட்டியின் ஒளித் துப்பாக்கி இன்றைய தட்டைத் தொலைக்காட்சியில் வேலை செய்யாது. பழைய குழாய்த் தொலைக்காட்சி படத்தை வரையும் முறையை நம்பி அது செய்யப்பட்டது. கெட்டுப்போய்விட்டது என்று எண்ணித் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முதல் பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலர் அதிலும் பொருந்தும். ஆனால் இரண்டாவதன் பொத்தான்கள் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் உணரும், பழையவை உணரா. ஆகவே சில விளையாட்டுகளில் குறை தெரியலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் கையை அளந்த பிறகு பலகையை அளங்கள்.

வாசகர்களே, பள்ளி திறந்த பிறகு ஒருநாள் என் வகுப்பறையைச் சுற்றிப் பார்த்தேன். கத்தரிக்கோல் வலது கைக்காரருக்காகச் செய்தது. கரும்பலகை உயரமானவருக்காக மாட்டியது. குழாய்த் திருகி இரண்டு கையும் உள்ளவருக்காக வைத்தது. இத்தனை ஆண்டுகளாக அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கவனித்ததில்லை. இப்போது குழாய்க்கு நீளப் பிடி போட்டிருக்கிறோம். அதற்கு ஆன செலவு ஒரு தேநீரும் இரண்டு ரொட்டி சானாயும் சாப்பிடுகிற காசு.

உங்கள் வீட்டிலோ, உங்கள் லயத்திலோ, சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளை யாராவது உண்டா? ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பிறகு அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.